யூனிஸ் சொன்ன நான்கு

தன் தங்கை மார்லிஸ் வீட்டில் தங்கியிருந்த ஆர்டிஸின் காலுக்குக் கட்டுப் போட குளியலறையை விட்டால் வேறு இடம் கிடையாது. தொட்டியின் விளிம்பில் அவளை உட்கார வைத்து, கதவைத் தாழிட்டு, இடது பாதத்தை என் மடியில் ஏந்திக்கொள்வேன். நான் நர்ஸ், எனக்குத் தெரியும், சர்க்கரை நோய்க்காரர்களின் புண்ணை அவசரமாகக் கழுவக் கூடாது. ஆனால் மூன்று அறையில் பதினோரு பேர் வாழும் வீட்டில் கதவு எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்?

"உள்ள யாரு?"

"ரெண்டு கிழவிங்க இருக்கோம்," என்று ஆர்டிஸ் உள்ளிருந்தே கத்துவாள். "அவசரம்னா கொட்டகைக்குப் பின்னால போ. உன் தாத்தன் காலம் பூரா அங்கதான் போனான்."

இரவில் அவள் கூடத்து சோபாவில் படுத்தாள். காலை உயர்த்தி வைத்துத் தூங்கச் சொல்லியிருந்தேன். சோபாவின் மறுமுனையில் மார்லிஸின் பேரப்பிள்ளை ஒன்று எப்போதும் சுருண்டு கிடக்கும். காலை எங்கே வைப்பது? புண் பெரிதாகிக்கொண்டு வந்தது. நான் எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிறவள் இல்லை.

"இப்படியே இருந்தா இந்தக் கால் உனக்கு நிக்காது, ஆர்டிஸ்."

"தெரியும். எனக்கு வீடு வேணும். நிலம் காட்டினா நம்ம இன மன்றத்துல வீடு குடுக்கறாங்க. நிலம் இருக்கு. அதுல கால் வைக்கத்தான் வழி இல்ல."

அவள் பேச்சில் புலம்பல் இருக்காது. கடைக்குப் போய் உப்பு வாங்க வேண்டும் என்பதுபோலச் சொல்வாள்.

ஆர்டிஸ் கிரேகிளவுடின் கொள்ளுத்தாத்தா பெயருக்கு அரசாங்கம் அளந்து கொடுத்தது நூற்றறுபது ஏக்கர். அப்போது எல்லா டகோட்டாப் பழங்குடிக் குடும்பங்களுக்கும் அப்படித்தான் அளந்தார்கள். மீந்ததை உபரி என்று பெயர் வைத்து வெளியாருக்குத் திறந்துவிட்டார்கள். இன்று எங்கள் குன்றின் மேல் ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் எங்களுக்கென ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலம்தான். காலுக்குக் கீழே இருப்பது அடுத்தவன் சோயா.

அந்த நூற்றறுபதில் மேல் எண்பது, ஆர்டிஸை வளர்த்த யூனிஸின் பங்காக வந்தது. அவள் ஒரு குளிர்காலத்தில், பிள்ளைகள் வயிற்றுக்காக, அதை விற்றுவிட்டாள். கீழ் எண்பதில் பாதிக்கு மயிரிழை கூடுதலாக அவள் தங்கை லொரேனாவுக்கு இருந்தது. மற்றது சித்தப்பா, பெரியப்பா வழிகளில் போய், இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட பேரில் சிதறிக் கிடக்கிறது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு பிள்ளைகளுக்குள் உடையும். மண்ணில் யாரும் கோடு போடுவதில்லை, காகிதத்தில் மட்டும் உடையும். நாங்கள் குறைந்துகொண்டு வரவில்லை. பெருகுகிறோம். பெருகப் பெருக ஒவ்வொருவரின் நிலமும் தேய்கிறது. கடைசியில் எண்பது ஏக்கரும் அப்படியே இருக்கிறது, ஒருவருக்கும் ஒரு வீடு வைக்கும் அளவு இல்லை. ஹாகன் என்ற குடியானவர் அத்தனை பேருக்கும் சேர்த்துக் குத்தகை கட்டி உழுதுகொண்டிருந்தார். நல்ல மனிதர். அந்த அறுவடையோடு குத்தகை முடிகிறது, யாரும் வாய் திறக்காவிட்டால் இன்னும் ஐந்து வருடத்துக்குத் தானாகவே நீளும்.

அதில் ஓர் ஏக்கரை வீட்டுக்கு ஒதுக்க, பங்குகளில் பாதிக்கு மேல் சம்மதம் வேண்டும். அதுதான் சட்டம். ஆர்டிஸுக்கு அந்த ஓர் ஏக்கர் வேண்டும், அறுவடைக்குள் வேண்டும்.

லொரேனா ஆர்டிஸைப் பெற்றவள். காசநோயில் மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. ஆர்டிஸுக்கு அப்போது நான்கு வயதுகூட நிறைந்திருக்காது. யூனிஸ் அவளைத் தூக்கி வந்து தன் பிள்ளைகள் மூன்று பேருக்கு நடுவில் விட்டாள். மூத்தவன் ஹார்லன், ஆர்டிஸுக்குக் கீழே மார்லிஸ், கைக்குழந்தை கிளிஃபோர்ட். தூக்கி வந்தாள் என்பதுகூடச் சரியில்லை, லொரேனா நோயில் விழும் முன்பே நான்கு பிள்ளைகளும் ஒரே படுக்கையில்தான் கிடந்தன. எங்கள் மொழியில் அம்மா 'இனா'. அம்மாவின் அக்கா தங்கைகளும் இனாதான். சித்தி, பெரியம்மா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வார்த்தை கிடையாது.

விடுதிப் பள்ளி முடிந்ததும் ஆர்டிஸ் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போய், ஒரு மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் இருபது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தாள். முழங்கை வரை இஸ்திரி இயந்திரம் சுட்ட தழும்புகள். யூனிஸ் படுக்கையில் விழுந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்தாள். கடைசி மாதங்களில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் யூனிஸைக் குளிப்பாட்டினோம். ஆர்டிஸ் புரட்டுவதைப் பார்த்தால் பயிற்சி எடுத்தவள் என்று நினைக்கத் தோன்றும். ஒரு படுக்கைப் புண் வரவில்லை. அடக்கம் முடிந்து, யூனிஸ் இருந்த வாடகை வீடும் கைவிட்டுப் போனபின், மார்லிஸின் சோபாதான் மிஞ்சியது. ஆர்டிஸின் மகள் ரெனே குழந்தைகளோடு நகரத்தில் இருந்தாள். "இடம் இருந்தா நாளைக்கே வந்துடறேன்மா" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நில அலுவலகத்துக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். அங்கே இருந்த டெரிக் தெற்கே வேறொரு இனத்தைச் சேர்ந்த பையன். மரியாதையானவன். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உங்க அம்மா லொரேனாவுக்கு நாலு வாரிசுன்னு இருக்கு. ஹார்லன், நீங்க, மார்லிஸ், கிளிஃபோர்ட்."

"ஆமா."

"ஆனா ஹார்லன் பிறப்புப் பதிவுல அம்மா பேர் யூனிஸ்னு இருக்கே."

"ஆமா."

"மார்லிஸுக்கும் யூனிஸ்."

"ஆமா தம்பி. அதுக்கென்ன?"

அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப லொரேனாவுக்குப் பிறந்தது யாரு?"

"நான்."

"மத்தவங்க?"

"அவங்களும் அவ பிள்ளைங்கதான்."

பாவம், அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். பிறகு மெதுவாக அவிழ்த்துப் பார்த்தோம். லொரேனா இறந்த பிறகு, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வாரிசு விசாரணை நடந்தது. அதிகாரி மொழிபெயர்ப்பாளரை வைத்து யூனிஸைக் கேட்டார்: உன் தங்கைக்கு எத்தனை பிள்ளைகள்? யூனிஸ் சொன்னாள்: நான்கு. அவள் வேறு என்ன சொல்வாள்? அதிகாரி நான்கு என்று எழுதி, பங்கை நான்காக உடைத்துவிட்டுப் போனார்.

"இது பதிவுல வந்த பிழைம்மா," என்றான் டெரிக். "திருத்தலாம். அந்த மூணு பேரும் லொரேனாவோட பிள்ளைங்க இல்லைன்னு நீங்க சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். திருத்தினா முழுப் பங்கும் உங்க பேருக்கு வரும். உங்க ஒரு கையெழுத்தே பாதியைத் தாண்டிடும். யாரையும் கேக்க வேண்டாம்."

"திருத்தலைன்னா?"

"நாலு பங்கும் சம்மதிக்கணும். ஒருத்தர் விலகினாலும் மத்த நூறு பேரைத் தேடிப் போகணும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

வண்டியில் ஏறியதும் நான் கேட்டேன், "இதுல யோசிக்க என்ன இருக்கு? போட்டுட்டு வா." எனக்கு அவள் கால்தான் கண்ணில் நின்றது. யாருக்கு யார் அம்மா என்ற கணக்கு நிற்கவில்லை.

"என்னன்னு எழுதறது? யூனிஸ் எனக்கு யாருன்னு எழுதறது?"

"பெரியம்மான்னு. இங்கிலீஷ்ல ஆன்ட்டின்னு."

"நம்ம மொழில சொல்லு பாப்போம்."

நான் வாயைத் திறந்தேன். இனா என்றுதான் வந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

"அவ பொய் சொன்னான்னு நான் எழுத மாட்டேன்," என்றாள் ஆர்டிஸ். "நாலுன்னா நாலு. நாலு பேர் சம்மதத்தையும் வாங்கறேன்."

"ஹார்லன் குடுப்பாரா?"

"குடுக்க வைக்கணும்."

மார்லிஸ் உடனே சம்மதித்தாள். "எடுத்துக்கோடி. என் சோபாவுக்கு ஓய்வு கிடைக்கும்" என்றாள். கிளிஃபோர்ட் முந்தைய ஆண்டு இறந்துபோயிருந்தான். அவன் பங்கு ஒரே மகள் ஜோலீனுக்கு. அவள் நகரத்திலிருந்து தொலைபேசியில், "அத்தை, நானும் ஒருநாள் வந்து பக்கத்துல வீடு வைக்கலாமா?" என்று கேட்டாள். அப்பாவின் அக்காவுக்கு எங்களிடமும் தனிச் சொல் உண்டு. அவள் வாயில் அது சரியாகத்தான் வந்தது. ஆர்டிஸ் அவளிடம் சொன்னாள்: "வா. முதல்ல எனக்குக் கையெழுத்துப் போடு, அப்புறம் உனக்கு நான் போடறேன்."

ஹார்லன் மட்டும் மிச்சம்.

எங்களில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் வாதாடுவதில்லை. அது மரியாதை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஆள் போக வேண்டும். ஹார்லன் என் அக்காவின் கணவர், அக்கா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அத்தானிடம் கொழுந்தியாள் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், பேசத்தான் வேண்டும். அதனால் நான் போனேன். அவர் இரண்டு கிழட்டுக் குதிரைகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா நர்ஸம்மா. இன்னிக்கு எந்தக் காலை வெட்டப் போற?"

"உங்க நாக்கைத்தான் அத்தான். கத்தி கொண்டு வந்திருக்கேன்."

"என் குதிரைங்களைப் பார்த்து பல் இளிக்காத. பயந்துடும்."

"முடியெல்லாம் கொட்டிப் போச்சு, வாய் மட்டும் கொட்டலையே. ஆர்டிஸுக்கு ஒரு ஏக்கருக்குச் சம்மதம் வேணும்."

அவர் முகம் மாறியது. வைக்கோல் கவையைச் சுவரில் சாய்த்தார்.

"பெட்ரோல் பங்குல காபி குடிக்கறப்போ சொன்னாங்க. எங்க அம்மா அநாதைப் பிள்ளையோட சொத்தைத் திருடினான்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாளாமே."

"எவன் சொன்னது? எழுதிக் குடுத்திருந்தா உங்க லாயத்துல வந்து நான் ஏன் சாணி மிதிக்கறேன்? உங்க தயவே தேவையில்லையே."

"அப்ப இனிமே எழுதுவா. நான் முடியாதுன்னதும் எழுதுவா."

"எழுத மாட்டேன்னு சொல்லிட்டா."

"உன்கிட்ட சொன்னா போதுமா? ஊர் பூரா பேசுது. எங்க அம்மா பேரு நாறுது." பிறகு குதிரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "எழுத மாட்டேன்னு அவளே ஊர் முன்னால சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றார்.

திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். ஆர்டிஸ் காலை என் மடியில் வைத்தாள். கட்டை அவிழ்த்தேன். பெருவிரலின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொன்னேன்.

செப்டம்பரில் கிளிஃபோர்டின் வருட நினைவு விருந்து. சமூகக் கூடம் நிறைந்திருந்தது. மாட்டிறைச்சிச் சூப், பொரித்த ரொட்டி, காட்டுச் செர்ரிக் கூழ். மார்லிஸும் மற்றவர்களும் ஆண்டு முழுக்கத் தைத்த நட்சத்திரப் போர்வைகள் மேசை மேல் அடுக்கியிருந்தன. குடும்பத்தார் முன்னால் வரிசையாக நின்று அவற்றை வந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஆள், எல்மர். யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்து ஆங்கிலத்தில் கூப்பிட்டார்.

"கிளிஃபோர்டின் அண்ணன் ஹார்லன். அக்கா மார்லிஸ். மகள் ஜோலீன். அப்புறம், கஸின் ஆர்டிஸ்."

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. எழுதிக் கொடுத்தவர் கெட்ட எண்ணத்தோடு எழுதினாரா, பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் எழுதினாரா, எனக்குத் தெரியாது. ஹார்லன் தரையைப் பார்த்தார். ஆர்டிஸ் மரச் செருப்பு போன்ற அந்த மருத்துவக் காலணியோடு டக் டக்கென்று நடந்து போய் எல்மரிடம் கையை நீட்டினாள்.

"குடு அதை."

"இன்னும் முடிக்கலை அக்கா..."

"நான் முடிக்கறேன்."

முதலில் எங்கள் மொழியில் சொன்னாள். பிறகு சின்னதுகளுக்காக ஆங்கிலத்தில்.

"கிளிஃபோர்ட் என் தம்பி. இவர் என் அண்ணன். இவ என் தங்கச்சி. எங்க அம்மா லொரேனா, எங்க அம்மா யூனிஸ். நாலு பேருக்கும் ரெண்டு பேரும்தான். எத்தனை பிள்ளைன்னு கேட்டப்போ யூனிஸ் நாலுன்னு சொன்னா. அது சரியான கணக்கு. ஆபீஸ்ல அதை மாத்தி எழுதலாம்னு எனக்கு வழி காட்டினாங்க. எழுதலை, எழுதவும் மாட்டேன். வீடு வைக்காம செத்தாலும் மாட்டேன். பெட்ரோல் பங்குல காபி குடிக்கறவங்க இதையும் சேர்த்துக் குடிங்க." ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பிடுங்கினாள். "சூப்பு ஆறுது. சாப்பிடுங்க."

சிரிப்பு வெடித்தது. வரிசையில் ஹார்லனுக்கும் மார்லிஸுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டிருந்தார்கள். வயதுப்படி அவள் இடம் அதுதான். போய் நின்றாள். எனக்கோ, ஒற்றைக் காலில் பாரம் போட்டு இவ்வளவு நேரம் நிற்கிறாளே என்ற கவலைதான்.

போர்வைகள் கொடுத்து முடிந்ததும் ஹார்லன் தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். ஆர்டிஸ் என் பக்கத்து நாற்காலியில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"உன் சிநேகிதிகிட்ட கேளு," என்றார் என்னிடம், "எந்த இடத்துல வைக்கப் போறாளாம்?"

"சதுப்புக் குட்டை ஓரத்துலன்னு சொல்லு," என்றாள் ஆர்டிஸ், என்னிடம். "பழைய வீடு இருந்த இடம்."

"அங்க வாத்து இறங்கும். நான் சுடற இடம். அதுவும் மார்ச்ல பனி உருகி அந்தப் பாதை கஞ்சி மாதிரி ஆயிடும்னு சொல்லு."

"வாத்துக்கு எண்பது ஏக்கர் இருக்குன்னு சொல்லு."

"ரோட்டு ஓரத்துல வைக்கச் சொல்லு. சம்மதம்னா சம்மதம்."

"முடியாதுன்னு சொல்லு."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ரெண்டு பேரும் கேளுங்க. பனி கொட்டினா ஆம்புலன்ஸ் குட்டை ஓரத்துக்கு வராது. ரோட்டு வரைக்கும்தான் வரும். அங்க குடியேறினா இவ காலுக்கு நான் பொறுப்பில்லை. அத்தான் சொல்றது சரி. வாழ்க்கையில முதல் தடவை."

ஹார்லன் என் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்துக் கடித்தார். ஆர்டிஸ் கூழ்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"ரோட்டு ஓரம்," என்றாள். "வேலி போட மாட்டேன்னு சொல்லு. அவரு குதிரைங்க மேய வரலாம்."

"பேப்பரைக் கொண்டு வரச் சொல்லு," என்றார் ஹார்லன்.

திங்கட்கிழமை நால்வரின் சம்மதமும் டெரிக்கின் மேசையில் இருந்தது. அவன் ஒருமுறைக்கு இருமுறை கேட்டான், இதற்குப் பிறகு திருத்தம் கேட்டு வந்தால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்று. "நல்லது. எவளாவது கேட்டு வந்தா துரத்தி விடு" என்றாள் ஆர்டிஸ்.

அதற்குப் பிறகும் எதுவும் லேசில் நடக்கவில்லை. ஹாகன் பயிரை எடுக்கும் வரை பொறுக்கச் சொன்னார், பொறுத்தோம். அளக்க வரவேண்டியவர் வரவில்லை, ஆர்டிஸ் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். பனி முந்திக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. மே மாதம், தொழிற்சாலையிலேயே கட்டிய வீடு இரண்டு பாதியாக லாரியில் வந்து சாலையோரத்தில் இறங்கியது. கோடை விடுமுறைக்குள் ரெனே குழந்தைகளோடு வந்துவிட்டாள். அடுத்த வருடம் ஜோலீன். அந்தச் சாலை வளைவில் இப்போது பள்ளி வண்டி நிற்கிறது. முன்பு அந்த வழியாக அது வந்ததே இல்லை.

வீட்டில் ஆர்டிஸுக்குச் சொந்தக் கட்டில். காலை உயர்த்தி வைக்க இரண்டு தலையணை. புண் ஆறிக்கொண்டு வருகிறது. ஆனால் அவள் ஓய்ந்து படுக்கிறவள் இல்லை. பங்குக்காரர்கள் நால்வரும் செத்தால் இந்தப் பங்கு முப்பதாக உடையும், அப்போது இந்த வீடு யார் தயவில் நிற்கும் என்று கேட்டாள். எல்லாரும் உயில் எழுத வேண்டும், பங்கு அந்த மண்ணில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும் போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். மார்லிஸும் ஜோலீனும் எழுதிவிட்டார்கள். போன வாரம் ஹார்லன் குதிரைகளை ஓட்டிக்கொண்டு வந்தபோது, கட்டுப் போட்டுக்கொண்டிருந்த என்னை நடுவில் நிறுத்தி ஆரம்பித்தாள்.

"அண்ணனை உயில் எழுதச் சொல்லு."

"நான் இப்போதைக்குச் சாகறதா இல்லைன்னு சொல்லு," என்றார் அவர் ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

"உயிரோட இருக்கறவன் கையெழுத்துதான் செல்லும்னு சொல்லு. வெள்ளிக்கிழமை காலைல வண்டி வரும்னு சொல்லு. குளிச்சுட்டு வரச் சொல்லு."

வெள்ளிக்கிழமை வண்டி ஓட்டப் போவது நான்தான்.